கடையில் இரண்டு இன்ச், வீட்டில் இரண்டு அடி: பெரிதாக வளரும் தொட்டி மீன்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் தொட்டி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டடித் தொட்டியில்தான் ஆரம்பிக்கிறார்கள். சென்னை கொளத்தூரின் வண்ணமீன் சந்தையிலோ உள்ளூர்க் கடையிலோ கண்ணுக்குப் பிடித்த நாலைந்து குஞ்சுகளை பாலிதீன் பையில் கட்டி வாங்கி வருகிறார்கள். ஆறேழு மாதம் போனதும் கேள்விகள் வருகின்றன. திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படுபவை இவை. குஞ்சு வாங்கும் முன்பே கேட்டிருந்தால் பாதிக் கேள்விகளுக்கு வேலையே இருந்திருக்காது.

தொட்டியின் அளவுக்குத் தக்கபடிதான் மீன் வளரும் என்று கடைக்காரர் சொன்னாரே?

இந்த ஒரு வசனம்தான் எல்லா வம்புக்கும் ஆரம்பம். ஒரு மீன் எவ்வளவு வளரும் என்பது அதன் இனத்தைப் பொறுத்தது. தொட்டிக்கு அதில் எந்தச் சொல்லும் இல்லை. சின்னத் தொட்டியில் சில மீன்கள் வளராமல் நின்றுபோவது நடக்கத்தான் செய்கிறது. ஆனால் அது மீன் தன்னைச் சரிசெய்துகொண்டதால் வருவதல்ல. மீன் செவுள் வழியாக அமோனியாவை வெளியே விடுகிறது. ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும் அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. தண்ணீர் குறைவு, மீன் பெரிது என்றால் இந்தக் கழிவு வேகமாகச் சேரும். அதிலேயே கிடக்கிற மீனின் வளர்ச்சி குன்றும், முதுகு வளையும், உடம்பு சிறுத்துக் கண் மட்டும் பெரிதாகத் தெரியும். பதினைந்து வருடம் வாழவேண்டியது இரண்டு மூன்று வருடத்தில் போய்விடும். 'என் மீன் பெரிசாகவே இல்லையே' என்று யாராவது பெருமையாகச் சொன்னால், எனக்கு முதலில் அந்தத் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கத்தான் தோன்றும்.

'ஷார்க்' என்று மூன்று குஞ்சு வாங்கினேன். இப்போது கண்ணாடியில் முட்டிக்கொண்டே இருக்கின்றன. என்ன நோய்?

நோய் இல்லை. வெள்ளி நிறத்தில், முதுகுத் துடுப்பு சுறாவைப் போல நிமிர்ந்து நிற்கும் இந்தக் குஞ்சு பங்காசியஸ் என்ற கெளுத்தி இனம். சொந்த ஊர் மீகாங், சாவோ பிரயா ஆறுகள். ஆற்றில் நாலடிக்கு மேல் வளரும், நாற்பது கிலோவைத் தாண்டும். ஹோட்டலில் 'பாசா' என்று ஃபிஷ் ஃபிங்கராக வந்து நிற்பதும் பெரும்பாலும் இதே மீன்தான். ஆந்திராவில் குளம் குளமாக வளர்க்கிறார்கள். தின்பதற்காக வளர்க்கும் மீனுக்குச் சீக்கிரம் எடை போடுவதுதான் முதல் தகுதி. அதை இரண்டடித் தொட்டியில் விட்டால் வேறென்ன நடக்கும்?

கூட்டமாக நீண்ட தூரம் நீந்திப் பழகியது என்பதால் இது பயந்த சுபாவம் உள்ள மீன். இரவில் இருட்டாக இருக்கும் ஹாலில் சட்டென்று லைட் போட்டுப் பாருங்கள்: மூன்றும் ஒரே நொடியில் ஆளுக்கொரு பக்கம் பாய்ந்து, தொட்டிச் சுவரில் மூக்கு மோதி, ஒன்றிரண்டு மணலில் செத்ததுபோல் சாய்ந்து கிடக்கும். சற்று நேரம் கழித்து எழுந்து நீந்தும். மூக்கு நுனியில் தோல் உரிந்து வெள்ளையாக இருப்பது இதனால்தான். அந்தப் புண்ணுக்கு மருந்து ஊற்றிப் பலன் இல்லை. அதற்குத் தேவை குளம். வீட்டுத் தொட்டி எதிலும் இதை வைக்கலாம் என்று நான் சொல்லமாட்டேன், ஆறடித் தொட்டி உட்பட.

பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கும் என்று எல்லாத் தொட்டிக்கும் ஒரு சக்கர் மீன் தருகிறார்களே, அதுவும் பெரிதாகுமா?

ஆகும். அதிகம் விற்கும் சங்கடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தச் சக்கர் தென் அமெரிக்க ஆறுகளிலிருந்து வந்த கவசக் கெளுத்தி. விரல் நீளத்தில் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அழகாகத்தான் இருக்கும். ஒன்றரை அடி வரை வளரும், பத்துப் பதினைந்து வருடம் வாழும். குஞ்சாக இருக்கும்போது பாசி தின்னும், உண்மைதான். வளர வளர அந்த வேலையில் நாட்டம் குறைந்து, மற்ற மீன்களுக்குப் போட்ட உணவு அடியில் விழுவதற்காகக் காத்திருக்கும். பசி தாங்காதபோது இரவில் தங்கமீனின் பக்கவாட்டில் ஒட்டி அதன் மேல் உள்ள வழவழப்பை உறிஞ்சும். காலையில் தங்கமீனின் உடம்பில் வட்டமாகச் செதில் உதிர்ந்திருந்தால் குற்றவாளியைத் தேடி அலையவேண்டாம்.

சுத்தம் செய்யும் என்று நம்பி வாங்கியது போடும் கழிவு இருக்கிறதே, அதுதான் பெரிய வேடிக்கை. நூல் நூலாக, சாண் நீளத்துக்கு, மணல் முழுக்கக் கிடக்கும். சக்கர் விட்ட தொட்டியைத்தான் அதிகம் கழுவவேண்டியிருக்கிறது. வலையில் பிடிக்கப்போனால் துடுப்பு முள்ளை விறைத்துக்கொள்ளும், முள் வலைக்கண்ணில் மாட்டும், கடைசியில் வலையைக் கத்தரித்துத்தான் மீனை எடுக்கவேண்டும்.

பாசிதான் பிரச்சினை என்றால் வெளிச்சம் போடும் நேரத்தைக் குறையுங்கள், ஜன்னல் வெயில் படாத இடத்துக்குத் தொட்டியை மாற்றுங்கள், கண்ணாடியை வாரம் ஒருமுறை ஸ்பாஞ்சால் துடையுங்கள். அப்படியும் ஒரு உறிஞ்சி மீன் வேண்டுமென்றால் பிரிஸ்டில்நோஸ் என்று கேட்டு வாங்குங்கள். நாலைந்து இன்ச்சோடு நின்றுவிடும். ஆண் மீனுக்கு மூக்கைச் சுற்றி மீசை மாதிரி முளைத்திருக்கும், அதுதான் அடையாளம். குஞ்சில் மீசை தெரியாது, அதனால் நம்பகமான கடையில் வாங்குவது நல்லது.

ஆஸ்கார் வளர்க்கலாமா? கையில் வந்து சாப்பிடும் என்கிறார்களே?

சாப்பிடும். ஆளை அடையாளம் தெரிந்துகொள்ளும், பசித்தால் தண்ணீரைத் தெளித்துக் கூப்பிடும், கோபம் வந்தால் செடியைப் பிடுங்கி எறியும். இந்தப் பட்டியலில் உள்ளவற்றில் நான் முழுமனதாகச் சிபாரிசு செய்யும் ஒரே பெரிய மீன் இது. ஆனால் கணக்கு சரியாக இருக்கவேண்டும். முதல் சில மாதங்களில் மாதத்துக்கு ஒரு இன்ச் அளவில் வளரும், ஒரு வருடத்தில் தட்டளவு ஆகிவிடும், பன்னிரண்டு இன்ச்சுக்கும் மேல் போகும். ஒரே ஒரு ஆஸ்காருக்கு நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி வேண்டும். அது ஏறக்குறைய 255 லிட்டர். கூட்டத்துக்குச் சின்ன மீன்கள் எதுவும் கூடாது. வாயில் நுழைகிற எதுவும் அதற்கு உணவுதான். நியான் டெட்ரா பத்து வாங்கி ஆஸ்காரோடு விட்டால், அது ஒருவேளைச் சாப்பாட்டுக்கு ஆன செலவு.

தங்கமீனுக்குக் கண்ணாடிக் கிண்ணம் போதும்தானே?

போதாது. படத்தில் பார்க்க அழகு, மீனுக்கு அது சிறை. உடம்பு நீண்ட, ஒற்றை வால் உள்ள சாதாரணத் தங்கமீனும் காமெட்டும் பத்துப் பன்னிரண்டு இன்ச் வளரும். குண்டான ஒராண்டா, ரான்சு, பிளாக் மூர் எல்லாம் ஆறிலிருந்து எட்டு இன்ச். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்துப் பதினைந்து வருடம் சாதாரணமாக இருக்கும். இங்கிலாந்தில் ஒரு வீட்டுத் தங்கமீன் 43 வருடம் வாழ்ந்து கின்னஸில் இடம்பிடித்தது. நம் வீடுகளில் 'தங்கமீன் மூன்று மாதம்தான் இருக்கும்' என்று சொல்கிறோம் என்றால் அது கிண்ணத்தின் ஆயுள். குண்டுத் தங்கமீன் இரண்டு மூன்றுக்கு மூன்றடித் தொட்டி, நல்ல ஃபில்டர். காமெட்டும் கோயும் தோட்டத்துச் சிமெண்ட் தொட்டிக்கு உரியவை. கோய் இரண்டடியைத் தாண்டும்.

வாஸ்துவுக்கு அரோவானாவோ ஃபிளவர்ஹார்னோ வைக்கச் சொல்கிறார்கள்...

நம்பிக்கையைப் பற்றி நான் பேசவில்லை, அளவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் சில்வர் அரோவானா அமேசான் பகுதி மீன், மூன்றடிக்குக் குறையாமல் வளரும். இதில் நீளத்தைவிட அகலம்தான் முக்கியம். மூன்றடி மீன் திரும்புவதற்கு ஒன்றரை அடி அகலத் தொட்டி எப்படிப் போதும்? உடம்பை மடக்கி மடக்கித் திரும்பியே முதுகெலும்பு கெட்டுப்போகும். அப்புறம், இது தண்ணீருக்கு மேலே உள்ள கிளையிலிருக்கும் பூச்சியைத் துள்ளிப் பிடிக்கும் இனம். மூடி இல்லாத தொட்டியில், அல்லது மூடியின் மேல் கனம் வைக்காத தொட்டியில், ஒரு நாள் காலையில் அது தரையில் காய்ந்து கிடக்கும். சிவப்பு, தங்க நிற ஆசிய அரோவானா சர்வதேச வணிகத்தில் கடும் கட்டுப்பாடு உள்ள இனம். முறையான ஆவணம் இல்லாமல் யார் விற்றாலும் வாங்கவேண்டாம்.

ஃபிளவர்ஹார்ன் காட்டில் பிறந்த மீனே அல்ல, 1990களில் மலேசியாவில் கலப்பினமாக உருவாக்கியது. ஓரடி வளரும், தனியாகத்தான் வைக்கமுடியும், நாலடித் தொட்டி வேண்டும். அரோவானாவோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ சுலபம்.

ரெட் டெயில் கேட்ஃபிஷ், அலிகேட்டர் கார், பாகு?

வேண்டாம், வேண்டாம், வேண்டாம். ரெட் டெயில் கேட்ஃபிஷ் மூன்று இன்ச்சில் வெள்ளை வயிறும் சிவப்பு வாலுமாக பொம்மை போல இருக்கும், நாலடி வரை வளரும். கூட இருக்கும் மீன்களைத் தின்றுவிட்டுக் கூழாங்கல்லையும் விழுங்கும். அலிகேட்டர் கார் அமெரிக்காவின் மிசிசிப்பிப் பகுதி மீன். 2011இல் அங்கே பிடிபட்ட ஒன்று 148 கிலோ. பாகுவைச் சில கடைகளில் 'பிரானா' என்று சொல்லி விற்கிறார்கள். அது மீன் மார்க்கெட்டில் ரூப்சந்த் என்று வெட்டி விற்கும் அதே வளர்ப்பு மீன்.

மெதுவாக வளரும் மீன்களிலும் இந்தப் பிரச்சினை உண்டா?

உண்டு, அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கிளௌன் லோச் ஆரஞ்சும் கறுப்புமாக இரண்டு இன்ச்சில் வரும். வருடத்துக்குக் கொஞ்சம்தான் வளரும் என்பதால் யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால் அது ஓரடி மீன், இருபது வருடத்துக்கு மேல் வாழும், ஐந்தாறாகக் கூட்டமாக இருந்தால்தான் நிம்மதியாக இருக்கும். பாலா ஷார்க்கும் டின் ஃபாயில் பார்பும் ஓரடியைத் தாண்டும், அவையும் கூட்ட மீன்கள்தான். 'ஒன்றே ஒன்று வாங்கினால் போதாதா' என்று கேட்காதீர்கள். தனியாக விட்டால் மூலையில் ஒடுங்கும், இல்லையென்றால் கூட இருப்பவற்றைத் துரத்தும்.

ஒரு இன்ச் மீனுக்கு நாலு லிட்டர் தண்ணீர் என்று ஒரு கணக்கு இருக்கிறதே?

கப்பி, டெட்ரா அளவு மீன்களுக்கு அது ஓரளவு பொருந்தும். பெரிய மீனுக்குப் பொருந்தவே பொருந்தாது. இரண்டு இன்ச் குஞ்சு பன்னிரண்டு இன்ச் ஆனால் நீளம் ஆறு மடங்குதான். ஆனால் அகலமும் தடிமனும் சேர்ந்து வளர்வதால் எடை ஏறக்குறைய 216 மடங்கு. தின்பதும் கழிப்பதும் அந்த எடைக்குத் தகுந்தாற்போலத்தான். மேலே சொன்ன கணக்குப்படி ஓரடி ஆஸ்காருக்கு 48 லிட்டர் போதும் என்று வரும். அது இரண்டடித் தொட்டியைவிடச் சின்னது, மீன் அதில் திரும்பக்கூட முடியாது.

நான் பார்க்கும் கணக்கு வேறு: முழு வளர்ச்சி அடைந்த மீனின் நீளத்தைப்போல் குறைந்தது நான்கு மடங்கு தொட்டியின் நீளம், ஒன்றரை மடங்கு அகலம். இது குறைந்தபட்சம்தான், தாராளம் அல்ல. இரண்டடித் தொட்டி என்றால் ஆறு இன்ச் மீன்தான் கடைசி எல்லை.

பெரிசானதும் பெரிய தொட்டி வாங்கிக்கொள்ளலாமே?

இப்படிச் சொல்பவர்களில் வாங்குபவர்கள் குறைவு. இருந்தாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத் தொட்டியில் 680 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டும் 680 கிலோ. கண்ணாடி, மணல், இரும்பு ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னை நெருங்கும். இதெல்லாம் ஒரு சதுர மீட்டரைவிடச் சற்றே பெரிய இடத்தில் உட்கார்கிறது. வீட்டுத் தளங்களுக்கு இந்தியத் தரநிலை வகுத்திருக்கும் சுமை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ. அதனால் இரண்டாம் மாடி ஃபிளாட்டில் ஹால் நடுவே இதை வைக்க நினைப்பவர்கள் கட்டட என்ஜினீயரைக் கேட்காமல் வைக்கக்கூடாது. தரைத்தளம் என்றால் கவலை குறைவு. வாடகை வீடு என்றால், வீடு மாறும் நாளை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் தண்ணீர். பெரிய மீனுக்கு வாரம் முப்பது சதவீதமாவது மாற்றவேண்டும். அது 200 லிட்டர், பதினைந்து லிட்டர் பக்கெட்டில் பதின்மூன்று பக்கெட். குளோரின் போட்ட தண்ணீர் என்றால் அதைப் போக்கிவிட்டுத்தான் ஊற்றவேண்டும். கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் தெருவில் இது நடக்கிற காரியமா என்று நீங்களே முடிவுசெய்யுங்கள். கரண்ட் போனாலும் பெரிய மீன்தான் முதலில் திணறும். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் இருக்கவேண்டும்.

சாப்பாட்டைக் குறைத்தால் வளராமல் இருக்குமா?

பட்டினி போட்டால் மெலியும், பக்கத்து மீனைக் கடிக்கும். வளர்ச்சியைக் கட்டுப்படுத்த அது வழியல்ல.

ஏரியிலோ கிணற்றிலோ விட்டுவிட்டால் அது பிழைத்துக்கொள்ளுமே?

பிழைத்துக்கொண்டால்தான் ஆபத்தே. சக்கர் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் குறைந்த சாக்கடைத் தண்ணீரிலும் மேலே வந்து காற்றை விழுங்கிச் சமாளிக்கும். உடம்பெல்லாம் கவசம் என்பதால் தின்ன ஆளில்லை. தொட்டியிலிருந்து தப்பியதும் ஆட்கள் கொண்டுபோய் விட்டதுமாக இது தமிழ்நாடு, கேரளா, ஆந்திர நீர்நிலைகளில் பரவிவிட்டது. மீனவர் வலையைக் கிழிக்கிறது, விலை போகிற மீன் வரவேண்டிய இடத்தில் இது வருகிறது. இலங்கை நீர்த்தேக்கங்களிலும் இதே கதை, அங்கே 'டேங்க் கிளீனர்' என்ற பெயரிலேயே மீனவர்கள் திட்டுகிறார்கள். குஞ்சு பொரிக்கக் கரையில் வளை தோண்டுவதால் கரையும் சரியும்.

கேரளத்தில் 2018 வெள்ளத்துக்குப் பிறகு ஆறுகளில் அரபைமா என்ற தென் அமெரிக்க ராட்சத மீனும் அலிகேட்டர் காரும் வலையில் சிக்கின. வளர்த்த இடங்களிலிருந்து வெள்ளத்தோடு வெளியேறியவை. 2023இல் ஸ்ரீநகரின் தால் ஏரியிலும் ஒரு அலிகேட்டர் கார் கிடைத்தது. யாரோ ஒருவர் 'பிழைத்துக்கொள்ளும்' என்று நினைத்திருக்கவேண்டும். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஜிலேபி மீன் இன்று எந்தக் குளத்தில் இல்லை என்று தேடிப் பாருங்கள். கிணறு மூடியதுதானே என்பார்கள். மழைக்காலத்தில் நிரம்பி வழியும் கிணறு எத்தனை பார்த்திருக்கிறோம்?

அப்படியென்றால் சமைத்துவிடலாமா?

சிரிப்புக்காகக் கேட்பவர்கள் பாதி, நிஜமாகவே கேட்பவர்கள் பாதி. சாப்பிடாதீர்கள். தொட்டிக்கு ஊற்றும் மருந்துகள் உணவு மீனுக்கானவை அல்ல. வெள்ளைப் புள்ளி நோய்க்கு ஊற்றும் மாலகைட் கிரீன் உணவு மீன் வளர்ப்பில் தடைசெய்யப்பட்டது.

சரி, இரண்டடித் தொட்டிக்கு என்னதான் வாங்குவது?

கப்பி, பிளாட்டி, வரிக்குதிரை டேனியோ, ஹனி கௌராமி, கோரிடோராஸ். இலங்கை மழைக்காட்டு ஓடைகளின் செர்ரி பார்ப் இரண்டு இன்ச்சுக்குள் நின்றுவிடும். ஆண் மீன் நல்ல நிலையில் இருந்தால் மிளகாய்ப்பழச் சிவப்பு. ஆறேழு செர்ரி பார்ப், கொஞ்சம் செடி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், அவ்வளவுதான். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மிஸ் கேரளாவும் பிரமாதமான மீன், ஆனால் அது ஆறு இன்ச் கூட்ட மீன், நாலடித் தொட்டி வந்தபிறகு யோசிக்கலாம்.

கடையில் கேட்கவேண்டியது இரண்டே கேள்வி: முழுசாக வளர்ந்தால் எத்தனை இன்ச், எத்தனை வருடம் இருக்கும்? 'அதெல்லாம் பெரிசாகாது சார்' என்ற பதிலைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மீனின் பெயரைக் கேட்டு, அங்கேயே போனில் தேடிப் பார்த்துவிட்டு அப்புறம் பையைக் கட்டச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே வாங்கி, பெரிதாகியும் விட்டது. இப்போது என்ன செய்வது?

முதலில் வாங்கிய கடையிலேயே கேளுங்கள். பணம் எதிர்பார்க்காவிட்டால் பலர் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். பெரிய மீன் வளர்ப்பவர்கள், வெளியே வழிந்தோட வாய்ப்பில்லாத சிமெண்ட் தொட்டி வைத்திருக்கும் ரிசார்ட், பண்ணை வீடு என்று விசாரியுங்கள். உயிரியல் பூங்காக்களிடம் ஏற்கெனவே இவை நிறைய இருக்கும், அதை நம்பி இருக்கவேண்டாம். யாருமே எடுக்கவில்லை, மீனும் நோயுற்றுத் துன்பப்படுகிறது என்றால் கால்நடை மருத்துவரிடம் கேட்டு, வலியில்லாமல் முடித்துவைப்பது ஏரியில் விடுவதைவிட நேர்மையான வழி.

கொண்டுபோகும்போது பாலிதீன் பை வேண்டாம், முள் குத்திக் கிழியும். மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் பழைய தொட்டித் தண்ணீரையே ஊற்றி, பேட்டரி ஏர் பம்ப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். சக்கரையும் கெளுத்தியையும் வலையில் பிடிக்காமல் ஈரத்துண்டில் சுற்றித் தூக்குங்கள். கொண்டுபோவதற்கு முந்தின நாள் சாப்பாடு போடாதீர்கள், வழியில் தண்ணீர் கெட்டுப்போகாது. மூடியின் மேல் கனமாக ஏதாவது வையுங்கள், அரோவானா என்றால் கயிறு போட்டே கட்டிவிடுங்கள்.